மத்தியானம் வரைக்கும் ஒரு சத்தியம்

என் பெயர் எவாரிஸ்தோ லோசாதா. பச்சூக்கா நகரத்து மலைச்சரிவில் இருக்கிற வீடுகளுக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தண்ணீர் கேன் போடுகிறேன். கேன் ஒன்றுக்கு இருபது லிட்டர். எங்கள் பேட்டையில் பாதித் தெரு தெருவே இல்லை, படிக்கட்டு. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, கேனைத் தோளில் ஏற்றி, ஒரு குரல் கொடுத்துவிட்டு ஏற ஆரம்பித்தால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறி நாற்பது தடவை இறங்குவேன். ஊருக்கே தண்ணீர் கொடுத்த இந்த உத்தமன் தான் எத்தனை தம்ளர் குடித்தான் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எனக்குத் தண்ணீர் பிடிக்காது. சப்பென்று இருக்கும்.

நான் குடித்ததெல்லாம் கோலா. காலையில் சோளமாவில் அவித்த தமாலேயோடு ஒரு பாட்டில். பத்து மணிக்குக் கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்தே தின்னும்போது ஒன்று. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பெரிய பாட்டில், அதைக் குடும்பப் பாட்டில் என்பார்கள், என் குடும்பத்தில் அதைத் தொட்டவன் நான் ஒருவன்தான். மூன்று லிட்டருக்குக் குறையாது. பீர், மெஸ்கால் எதையும் தொட மாட்டேன், அந்த விஷயத்தில் நான் சொக்கத்தங்கம். அதைச் சொல்லிச் சொல்லியே என் மனைவி ஒதீலியாவிடம் இருபத்தைந்து வருஷம் மார்தட்டியிருக்கிறேன்.

ஒதீலியா திட்டுவதில் கெட்டிக்காரி. அவள் வாயைத் திறந்தால் மூன்றாவது வீட்டில் வானொலியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். காலையில் பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டதும் ஆரம்பிப்பாள், நான் படி இறங்கி வண்டி ஏறுகிறவரை பின்னால் வந்துகொண்டே இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. மழை பெய்தால் ஓரமாக நிற்பதில்லையா, அப்படி நின்றுகொள்வேன்.

ஐம்பத்திரண்டாவது வயதில் சுகாதார நிலையத்து டாக்டரம்மா யரேலி என் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். நானூற்றுப் பத்து. சர்க்கரை என்றார், மாத்திரை கொடுத்தார், கோலாவை விடச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாலும் போதும் என்று அந்தப் பெண் பாவம் தன்மையாகத்தான் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாவது! நான் ஆம்பளை. விட்டால் ஒரேயடியாக விடுவேன், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விடுவேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. குடிகாரன் திருந்த வேண்டுமென்றால் கோயிலுக்குப் போய் குவாதலூப்பே மாதா முன்னால் முட்டி போட்டுச் சத்தியம் செய்வான். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று கெடு வைத்துக்கொள்வான். மாதா படம் போட்ட அட்டையில் பேரும் தேதியும் எழுதிக் கொடுப்பார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாராவது ஊற்றிக் கொடுத்தால் எடுத்து நீட்ட வேண்டியதுதான். மொடாக்குடியன்கூட அட்டையைப் பார்த்ததும் தம்ளரைப் பின்னால் இழுத்துக்கொள்வான். அதற்கு அவ்வளவு மரியாதை.

நானும் அட்டை வாங்கப் போனேன். எங்கள் கோயில்பிள்ளை ஃபெர்மின் என்னைவிடப் பத்து வயது சின்னவன், வருஷம் பூராவும் ஜலதோஷம் பிடித்த மூக்கு. ஒரு வருஷத்துக்கு எழுது என்றேன். கோலாவுக்குச் சத்தியமா என்று தும்மிக்கொண்டே கேட்டான். அட்டையில் 'போதை தரும் பானங்களைத் தொட மாட்டேன்' என்று அச்சடித்திருந்தது. அதை அடித்துவிட்டுக் கோலா என்று எழுதச் சொன்னேன், இடம் இல்லை என்றான். "எதுக்குன்னு மாதாவுக்குத் தெரியும், விடு" என்று தேதியைப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

மறுநாள்தான் சத்தியம் அமலுக்கு வருகிறது என்பதால் அன்றைக்கு ஒரு நாள் கோலாவுக்கு விடை கொடுத்தேன். ஐந்து லிட்டர். சாகப்போகிறவனுக்குக்கூட யாரும் அப்படி விடை கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதல் பத்து நாள் தலைவலி, எரிச்சல், கைநடுக்கம். ஆனாலும் தாக்குப்பிடித்தேன், போகிற வீட்டிலெல்லாம் அட்டையை எடுத்துக் காட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அட்டையைப் பார்த்தவர்கள் முகம் மாறியது. நாற்பது படி ஏறிக் கேனை இறக்குகிற வீட்டில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள், தன் அண்ணனும் இப்படித்தான் குடித்தே போனானாம். மெக்கானிக் நபோர் என் மகனுக்கு ஞானத்தகப்பன், கொம்பாத்ரே என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம், இருபது வருஷப் பழக்கம், நான் சொட்டுக்கூடக் குடிக்காதவன் என்பது அவனுக்கே தெரியும். அவன்கூட நான் பட்டறைக்குள் நுழைந்ததும் பீர் பாட்டிலைக் காருக்கடியில் தள்ளிவிட்டு, "எவ்வளவு நாளா கொம்பாத்ரே? எங்கிட்டகூடச் சொல்லலையே" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டான். ஒரே வாரத்தில் பேட்டை முழுக்க நான் மறைவாகக் குடித்துச் சீரழிந்து திருந்திய ஆளாகிவிட்டேன். அது போகட்டும். திருந்தியவனுக்கு ஊர் என்ன ஊற்றிக் கொடுக்கும்? கோலா. "பாவம், சத்தியம் பண்ணியிருக்காரு, அவருக்குக் கோலா குடுங்க." போகிற வீட்டிலெல்லாம் அன்போடு ஒரு தம்ளர், ஐஸ் போட்டு.

ஒன்றரை மாதம் மறுத்தேன். அப்புறம் நபோரின் பெண்ணுக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் விழா வந்தது. எங்கள் பக்கத்தில் அது கல்யாணத்துக்கு ஒரு படிதான் கம்மி. செலவைப் பகிர்ந்துகொள்ள ஆளுக்கொன்றுக்கு ஞானத்தகப்பன் ஆவோம், கேக்குக்கு ஒருத்தர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருத்தர், அந்தப் பெண்ணின் செருப்புக்கு ஒருத்தி. கோலாவுக்கு எப்போதும் நான்தான். பதினாறு பெட்டி. ஞானத்தகப்பனே குடிக்காவிட்டால் விழா வீட்டுக்கு அவமானம் என்று நானே எனக்கு எடுத்துச் சொன்னேன். அட்டையை வெளியே எடுத்துப் படித்துப் பார்த்தேன். போதை தரும் பானம் என்றுதானே இருக்கிறது? கோலாவில் எங்கே போதை? மாதாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்துபோயிற்று. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தை நபோர் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒன்று உடைந்த பிறகு மிச்சத்தை வைத்து என்ன செய்வது? மறுநாளிலிருந்து பழையபடி மூன்று லிட்டர், வட்டியோடு நாலு. பூட்ஸுக்குள் விழுந்த பாட்டில் மூடியோடு ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க நாற்பது தடவை படி ஏறியிருக்கிறேன். தெரியவே இல்லை. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றியபோது காலுறை முழுக்க ரத்தம், இடது பெருவிரலின் அடியில் மூடியின் பல் வரிசை அப்படியே வட்டமாகப் பதிந்திருந்தது. ஒதீலியா அதைப் பார்த்துவிட்டு, "வலிக்கலையா உனக்கு?" என்று கேட்டாள். வலிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

இந்தத் தடவை டாக்டரம்மா தன்மையாகப் பேசவில்லை. புண்ணின் ஓரம் கறுத்திருக்கிறது, சர்க்கரை இப்படியே இருந்தால் மருந்து வேலை செய்யாது என்றார். ஆறு வாரம் பார்க்கலாம், அதற்குள் புண் மூடாவிட்டால் பெருவிரலை எடுக்க வேண்டும், விட்டால் பாதத்துக்கு ஏறும். அதுவரை கேன் தூக்கக் கூடாது, பூட்ஸ் போடக் கூடாது. பெருவிரல் இல்லாதவன் இருபது லிட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்க முடியுமா என்று கேட்டேன். அவர் குனிந்து கட்டுப் போட்டார். கம்பெனியில் என்னைக் கேன் கழுவுகிற இடத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஆறு வாரத்துக்குத்தான், அப்புறம் தூக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று முதலாளி நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு வேறு வேலை தெரியாது. பயந்துவிட்டேன், பச்சைப் பிள்ளை மாதிரி பயந்துவிட்டேன்.

மறுபடி ஃபெர்மினிடம்தான் போனேன். நல்லவேளை கோயில் எங்கள் சந்தின் கடைசியில், ஐம்பது அடி. முன்பக்கம் வெட்டிவிட்ட செருப்பை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். அவன் பேனாவை எடுத்து, எத்தனை வருஷம் என்று கேட்டான், கிண்டலாகத்தான். ஆயுசு முழுக்க என்று சொல்லத்தான் வந்தேன், வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்போது தெருமுனைக் கடைக்காரன் பாட்டில் பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. என் தைரியம் இருக்கிற லட்சணம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"மத்தியானம் வரைக்கும்" என்றேன்.

"என்னது?"

"இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எழுது. அதுக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

இது கோயிலா பஸ் ஸ்டாண்டா என்று அவன் சத்தம் போட்டான். அரைநாளுக்கெல்லாம் அட்டை கொடுத்ததாகச் சாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றான். நான் நகரவில்லை. கடைசியில் பேனாவை வைத்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்தான், இப்படிப்பட்ட சத்தியத்துக்கு மை வீண் என்றான். 'மதியம் 12 மணி வரை' என்று எழுதிக் கொடுத்தான். நான் முட்டி போட்டேன், அந்தக் கால் கட்டோடு அதுவே ஒரு வித்தை.

மத்தியானம் வரைக்கும் குடிக்கவில்லை. பன்னிரண்டு அடித்ததும் கடைக்குப் போய்க் குடித்தேன். ஆமாம், குடித்தேன், இதில் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? ஆனால் காலைப் பாட்டிலும் பத்து மணிப் பாட்டிலும் போயிற்று. மறுநாள் அதே அட்டையோடு போனேன். ஃபெர்மின் நேற்றுத் தேதியை ரப்பரால் அழித்துவிட்டு இன்றைய தேதியைப் போட்டான். அதற்கடுத்த நாளும் போனேன். காலையில் எழுந்ததும் முகம் கழுவி, செருப்பை மாட்டி, ஐம்பது அடி நடந்து, முட்டி போட்டு, எழுந்து, ஐம்பது அடி திரும்பி வருவது. அவ்வளவுதான் நான் செய்த பெரிய தவம்.

பத்தாவது நாள் வாக்கில் நாலு மணி வரைக்கும் எழுதச் சொன்னேன். ஃபெர்மின் அழித்து எழுதினான். கேன் கழுவும்போது வாய் சும்மா இருக்காதே, இருபது கேனுக்கு ஒரு தம்ளர் என்று அங்கிருக்கிற தண்ணீரையே குடித்துவைத்தேன். சப்பென்றுதான் இருந்தது. மூன்றாவது வாரம் சாயங்காலம் வரைக்கும். ஒரு நாளைக்கு மேல் நான் கேட்கவே இல்லை. நாளைக்கும் சேர்த்து எழுதட்டுமா, தினம் தினம் என் பிராணனை எடுக்கிறாயே என்று அவன் ஒரு தடவை கெஞ்சினான். வேண்டாம் என்றேன். ஒரு வருஷச் சத்தியம் செய்த அந்தப் பெரிய மனுஷனை எனக்கு நன்றாகத் தெரியும், அவனை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. இந்த அரைநாள் கோழை எவ்வளவோ தேவலை.

இதற்கு நடுவில் வீட்டில் ஒன்று நடந்தது, அல்லது நடக்காமல் போயிற்று. ஒதீலியா திட்டுவதை நிறுத்திவிட்டாள். முதல் வாரம் பன்னிரண்டு மணிக்கு மேல் அவள் எதிரிலேயே பாட்டிலைத் திறந்தேன், அவள் வாணலியைத் துலக்கிக்கொண்டே இருந்தாள். புண்ணுக்குக் கட்டு மாற்றினாள், மாத்திரையைக் கையில் வைத்தாள், தினம் காலையில் என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள், ஏனென்றால் என் தொந்தியைத் தாண்டி எனக்கு என் பாதம் தெரியாது. ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, நாலு நாளில் அந்த நிம்மதி போயிற்று. இருபத்தைந்து வருஷம் திட்டியவள் ஏன் வாயை மூடுகிறாள்? இனி இவனைத் திட்டி என்ன பிரயோஜனம் என்று கைகழுவிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். விரல் போவதைவிட அது எனக்கு அதிகம் வலித்தது. இதை அவளிடம் கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை.

ஆறு வாரம் முடிந்து டாக்டரம்மா பார்க்கச் சொன்ன நாள் வந்தது. கடைசி ஒரு வாரமாக டாக்டரம்மாவின் நர்ஸ்தான் கட்டுப் போட்டாள், நான் கேட்டால் டாக்டர் சொல்வார் என்று முடித்துவிடுவாள். காலையில் எழுந்து, வழக்கம்போல் ஐம்பது அடி நடந்தேன். கோயில் கதவு பூட்டிக் கிடந்தது. ஃபெர்மினின் சித்தப்பா இறந்துவிட்டாராம், தூலான்சிங்கோவுக்குப் போயிருக்கிறானாம். சாவி அவனிடம்தான். இதை எனக்குச் சொன்னது கதவுக்கு முன்னால் நின்றிருந்த ஒதீலியா.

நீ இங்கே என்ன செய்கிறாய் என்றேன். அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். குடிகாரன் பாட்டிலை மறைக்கிற மாதிரி மறைத்தாள், பிடித்து முன்னால் இழுத்தேன். மாதா படம் போட்ட அட்டை. 'போதை தரும் பானங்களை' என்பதைப் பென்சிலால் அடித்துவிட்டு மேலே பொடி எழுத்தில் எழுதியிருந்தது, 'என் கணவனைக் கோலா விஷயமாகத் திட்ட மாட்டேன், மாலை வரை.' தேதி இருக்க வேண்டிய இடத்தில் தேதி இல்லை. அழித்து அழித்து அந்த இடம் ஓட்டையாகியிருந்தது. என் அட்டையில் எழுத இடம் கிடைக்காதவனுக்கு அவள் அட்டையில் மட்டும் கிடைத்திருக்கிறது.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நான் அரைநாள் சத்தியம் செய்த மறுநாளிலிருந்து என்றாள். தினம் காலையில் தோர்த்தியா ரொட்டி வாங்கப் போகிறேன் என்று எனக்கு முன்னால் எழுந்து போனாளே, அது இதற்குத்தான். அந்த மூக்கடைத்த பயல் ஆறு வாரமாக இரண்டு அட்டையையும் அழித்து எழுதியிருக்கிறான், மூச்சு விடவில்லை.

"ஏன் கிழவி?"

"திட்டினா நீ வீம்புக்குக் குடிப்ப. எனக்குத் தெரியாதா?" பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "நீ அரைநாள் அரைநாளாத் தள்ளுறப்போ என்னால முடியாதான்னு பாத்தேன். செத்துப் பொழைச்சேன்."

இன்றைக்குத்தான் சத்தியம் கிடையாதே, நாலு திட்டு திட்டேன் என்றேன். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தேன், கெஞ்சுகிற மாதிரி வந்தது. அவள் தலையை ஆட்டினாள். அந்த டாக்டர் பெண் என்ன சொல்கிறாள் என்று பார்க்காமல் தன்னால் திட்ட முடியாது என்றாள். அவளுக்கும் என் அளவு பயம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்று. அட்டையை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அங்கிருந்தே பஸ்ஸுக்கு நடந்தோம்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். விளக்கை இழுத்து வைத்துக் குனிந்து பார்த்தார், ஓரத்தில் அழுத்தினார், பக்கத்து விரல்களைப் பிரித்துப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒதீலியா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். புண் மூடிவிட்டது என்றார். விரலை எடுக்க வேண்டியதில்லை. சர்க்கரை நூற்று நாற்பத்தெட்டு. உணர்ச்சி திரும்பாது, அதனால் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும், ஒரு மாதம் கழித்து மெதுவாகக் கேன் தூக்கலாம், ஒவ்வொன்றாக. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். மாத்திரை என்றேன். ஐம்பது அடி நடந்தேன் என்று சொன்னால் அந்தப் பெண் என்ன நினைத்துக்கொள்ளும்?

திரும்பும்போது மினிபஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வண்டி கிளம்பியதும் ஒதீலியா ஆரம்பித்தாள். கல்யாணத்தன்று மோதிரம் மாற்றிக் கையைப் பிடித்தபோது என் வாயில் கோலா வாசனை அடித்ததிலிருந்து ஆரம்பித்தாள். மூத்தவன் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நான் பாட்டிலோடு நின்றதை எடுத்தாள். ஒவ்வொரு வருஷமாக, ஒவ்வொரு பண்டிகையாக, எதையும் விடாமல் வந்தாள். ஆறு வாரமாக அடக்கிவைத்த குரல் அல்லவா, டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுபோல ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

முன் சீட்டில் கோழிக் கூடையோடு இருந்த அம்மாவுக்குத் தாங்கவில்லை. திரும்பி, பாவம், இந்த மனுஷன் அப்படி என்னதான் செய்துவிட்டார் என்று கேட்டாள்.

ஒதீலியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கிழவனுக்குக் குணமாயிடுச்சும்மா" என்றாள். "அதான் திட்டுறேன்."